லூர்துசாமி வீட்டுக் கலியாணக் கறி

சேசு மரி சூசை

சாந்தோம், மயிலாப்பூர்
1945 பிப்ரவரி 6

அன்பு மகள் மரியசெல்வத்துக்கு உன் அம்மா அந்தோணியம்மாள் நெற்றியில் சிலுவை வரைந்து எழுதுவது. தேவமாதா தயவில் நானும் உன் மாமன் தேசப்பனும் இங்கே நல்ல சுகம். எனக்கு முழங்கால் வலிகூட இந்த வாரம் இல்லை, ஏன் இல்லை என்பது இந்தக் கடுதாசியைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். அங்கே பூனாவில் குளிர் குறைந்ததா, மிலிட்டரி ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டியை மாற்றிக் கொடுத்தார்களா, நான் அனுப்பிய கருவாடு கெடாமல் வந்ததா என்று எழுது. மாமன் கட்டுமரத்துக்குப் புதுக் கயிறு போட்டிருக்கிறான், வலைதான் பழசு. இங்கே ரேஷன் அரிசியில் கல் அதிகம், முறத்தோடு உட்கார்ந்தால் பாதிப் பொழுது அதிலேயே போகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேட்ரன் அம்மாள் விருந்துக்கு மாட்டுக்கறி சமைக்கச் சொன்னதாகவும், சிவப்பு ஒயின் எங்கேயும் கிடைக்கவில்லை, போர்ட் ஒயின்தான் ஒரு பாட்டில் இருக்கிறது, அதை ஊற்றலாமா என்றும் எழுதியிருந்தாய். ஊற்றலாம், ஆனால் சிவப்பு ஒயின் ஊற்றுகிற அளவுக்கு ஊற்றிவிடாதே. போர்ட் தித்திப்பு. பாதி அளவு போர்ட் எடுத்துக்கொண்டு மீதிக்கு எலும்பு வேகவைத்த தண்ணீர் ஊற்று, அதோடு ஒரு கரண்டி காடி, அதுதான் வினிகர், சேர்த்துக்கொள், அப்போதுதான் ஒயினுடைய புளிப்பு வரும். வெங்காயத்தைப் பொன்னிறத்தோடு நிறுத்து, அதற்கு மேல் வதக்கினால் வெங்காயமும் தித்திக்கும் போர்ட்டும் தித்திக்கும், கறி பாயசம் மாதிரி ஆகிவிடும். கறியை முதலில் நெய்யில் சிவக்க வறுத்துவிட்டுத்தான் ஒயினை ஊற்ற வேண்டும், ஊற்றியதும் மூடி போடாமல் கொதிக்கவிட்டு, சாராய நெடி போனபிறகு மூடி, தணலைக் குறைத்து வேகவிடு. ஷெர்ரி யாராவது கொடுத்தால் கோழிக்கு வைத்துக்கொள். ரம் ஊற்றலாம் என்று சொல்லும் சிப்பாய்கள் பேச்சைக் கேட்காதே. பிரெஞ்சு ஒயின் வரும் கப்பல் யுத்தத்தில் நின்றுபோனபிறகு அடையாற்றுத் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தபோது நான் இப்படித்தான் சமாளித்தேன், துரைசாணியும் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது அந்தோணி, ஆனால் பழைய ருசி இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். அவளுக்கு நாக்கு நல்ல நாக்கு. அந்த நாக்குதான் போன வாரம் எனக்குச் சாட்சி சொன்னது.

லூர்துசாமி மகன் இஞ்ஞாசிக்குக் கலியாணம் ஆகிவிட்டது மகளே. இதை நான் எழுதாமல் வேறு யாராவது எழுதினால் நீ தனியாக உட்கார்ந்து அழுவாய், அதனால் நானே எழுதுகிறேன், அழுவதற்கு முன்னால் முழுதும் படி. நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இன்னொரு முறை எழுதினால்தான் என் மனசு அடங்கும். யுத்தம் தொடங்கிய வருஷம் துரை கைவசம் மிஞ்சியிருந்த சிவப்பு ஒயின் பாட்டில்களுக்கெல்லாம் கழுத்தில் வெள்ளை பெயிண்டால் தன் பேரின் முதல் எழுத்தைப் போட்டு, யுத்தம் முடிகிற அன்றைக்குத் திறக்க வேண்டும் என்று பூட்டி வைத்தார், அன்றைக்குப் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். சாவி பட்லர் லூர்துசாமி இடுப்பில். அப்புறம் ஒருநாள் அலமாரியைத் திறந்தால் பாட்டில்கள் இல்லை. அந்தப் பாவி கொஞ்சமும் யோசிக்காமல், அந்தோணியம்மாள்தான் கறிக்கு ஒயின் வேண்டும் என்று அடிக்கடி சாவி வாங்குவாள், அவள் தம்பி குப்பத்துக்காரன், அங்கே விற்றிருப்பாள் என்று சொல்லிவிட்டான். துரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, போ என்றார். உனக்கும் இஞ்ஞாசிக்கும் கோயிலில் முதல் கலியாண ஓலை வாசித்து முடிந்திருந்தது. இரண்டாவது ஓலைக்கு முன்னாலேயே லூர்துசாமி சாமியாரிடம் போய், திருட்டுக் குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டேன் என்று நிறுத்திவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் பேர் வாசிக்கப்படும் என்று நாம் இரண்டு பேரும் புதுப் புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் முழங்காலில் இருந்ததை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். நீ அதற்குப் பிறகு பூனாவுக்குப் போனாய், நான் வாசலில் ஆப்பம் சுட்டேன். ஆப்பம் வாங்க வருகிறவர்கள்கூட நான் உள்ளே திரும்பினால் தட்டை எண்ணிப் பார்ப்பார்கள்.

இஞ்ஞாசிக்குப் பெரம்பூரில் ரயில்வே பட்டறை போர்மேன் ஒருவர் மகளைப் பேசி முடித்தான் லூர்துசாமி. வசதியான சம்பந்தம், அதனால் விருந்தைப் பெரிதாகப் போட வேண்டும், துரை வீட்டில் சாப்பிடுகிற கறியைச் சம்பந்திக்கு வைக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. பிரியாணிக்கு ராயப்பேட்டை நூர் முஹம்மது பாயைப் பிடித்திருந்தான். பாயிடம் ஒரு பாட்டிலைக் காட்டி, இந்த ஒயினை ஊற்றி ஒரு கறியும் பண்ணிக் கொடு என்றானாம். பாய் காதைப் பொத்திக்கொண்டு, "தோபா தோபா, சாராயம் ஊத்துற சட்டிய என் கை தொடாது, பிரியாணி வேணுமா சொல்லு, இல்லாட்டி அட்வான்சை வாங்கிக்கோ" என்றிருக்கிறார். வேறு ஆள் கிடைக்கவில்லை. கலியாணத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், வாசலில் நிழல் விழுகிறது, நிமிர்ந்து பார்த்தால் லூர்துசாமி. "இன்னாக்கா, நல்லா கீறியா?" என்கிறான். அக்காவாம். என்னைத் திருடி என்று சொன்ன அதே வாய். "நடந்தது நடந்துபோச்சு, மன்சுல வச்சிக்காத. துரையும் துரைசாணியும் விருந்துக்கு வரேன்னு சொல்லிக்கீறாங்க. அந்தக் கறிக்கு உன் கை வந்தாத்தான் சரிப்படும்" என்றான். உள்ளேயிருந்து உன் மாமன் துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தான், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். வருகிறேன் என்று சொன்னேன். மாமன் துடுப்பை மூலையில் எறிந்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டான். சத்தியமாகச் சொல்கிறேன் செல்வம், அப்போது என் மனசில் ஒரு திட்டமும் இல்லை, உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு வரலாம் என்ற அளவுக்குத்தான் யோசித்திருந்தேன்.

கலியாணத்தன்றைக்கு அவன் வீட்டுப் பின்பக்கம் பந்தல் போட்டு, ஒரு கோடியில் பாயின் பிரியாணித் தேக்சாக்கள், இன்னொரு கோடியில் என் அடுப்பு. லூர்துசாமி போர்ட் பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்தான். "சிவப்பு ஒயின் ஏது இப்ப. நீதான் போர்ட்ட வச்சே சமாளிப்பியே, அத்தயே பண்ணு" என்றான். சரி என்றேன். அவன் கோயிலுக்குப் போனபிறகு, கறியைக் கழுவிக்கொண்டே, பாய், உங்களிடம் காட்டினதும் இந்த பாட்டில்தானா என்று கேட்டேன், சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். பாய் திரும்பிப் பார்த்துவிட்டு, "இது இல்லம்மா, அது வேற. கழுத்துல வெள்ளையா கோடு போட்டிருந்துச்சு. அந்த ரூம்ல வைக்கோல்ல சொருகி வச்சிருக்காரு. துரை வராருன்னு தெரிஞ்சதும் இதை மாத்திட்டாரு போல" என்றார். கறியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். மசாலா சாமான் வைத்திருந்த அறைதான் அது, எனக்கு அங்கே போக வர வேலை இருந்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால் வைக்கோலை விலக்கினேன். என் கண்ணுக்கு முன்னால் எழுதின எழுத்து, நான் பிடித்த டப்பாவின் பெயிண்ட். பாதியை விற்றுத் தின்றிருப்பான், மிச்சத்தைத் துரை சாப்பிட்டுப் போனபிறகு சம்பந்திக்குக் கிளாஸில் ஊற்றிப் பெருமை அடிக்க வைத்திருக்கிறான். நீ எந்தப் பழிக்குப் பயந்து ஊரை விட்டுப் போனாயோ அந்தப் பழி வைக்கோலில் படுத்திருக்கிறது. நான் அழவில்லை. வேர்வைகூட வரவில்லை. பாட்டில்களைக் கூடையில் போட்டு மேலே கொத்தமல்லியை வைத்து எடுத்து வந்தேன், ஒன்றை மட்டும் அங்கேயே விட்டேன், அவன் கை வைத்துப் பார்த்தாலும் பாட்டில் தட்டுப்படட்டும் என்று, எடுத்த இடத்தில் போர்ட் பாட்டில்களைச் சொருகிவிட்டு வைக்கோலை மூடினேன்.

அன்றைக்குப் போல நான் என் ஆயுசில் சமைத்ததில்லை மகளே. கெடுக்க வேண்டும் என்ற எண்ணமே போய்விட்டது, இந்தக் கறி நன்றாக வரவேண்டும், துரைசாணியுடைய நாக்கு விழித்துக்கொள்ளும் அளவுக்கு வரவேண்டும் என்று மாதாவைக் கும்பிட்டுக்கொண்டே வறுத்தேன். சிவப்பு ஒயினைத் தாராளமாக ஊற்றினேன், ஒரு சொட்டு எலும்புத் தண்ணீர் சேர்க்கவில்லை, காடி சேர்க்கவில்லை, அதற்கு அவசியமே இல்லை. அது கொதித்து வந்தபோது பந்தலெல்லாம் பழைய பங்களாக் குசினி வாசனை. பாய் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டார். காலி பாட்டில்களை அடுப்புப் பக்கத்தில் வரிசையாக, எழுத்து வெளியே தெரியும்படி நிறுத்தினேன். துரை பின்பக்கம் வந்தால் கண்ணில் படாமல் போகாது, லூர்துசாமிதான் வாசலில் மாலை வாங்குவதிலும் கைகொடுப்பதிலும் இருந்தானே, பின்பக்கம் வரவேயில்லை.

துரைக்கும் துரைசாணிக்கும் தனி மேஜை, பக்கத்து மேஜையில் சம்பந்தி போர்மேனும் அவர் ஆட்களும். கறி போயிற்று. நான் தட்டியின் இடுக்கில் நின்று பார்த்தேன். துரைசாணி ஒரு துண்டை வாயில் வைத்தாள், மென்றாள், முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் துரையைப் பார்த்தாள். அவரும் சாப்பிட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "பட்லர், இது யார் சமையல்?" என்றாள். அந்தோணியம்மாள் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. "கூப்பிடு" என்றாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். "அந்தோணி, இதுலே போர்ட் இல்லே. என்ன ஒயின்?" என்று கேட்டாள். லூர்துசாமி பின்னாலிருந்து போர்ட்தான் மேடம், போர்ட்தான் என்கிறான். நான், "போர்ட் இல்லீங்க மேடம். பட்லர் வீட்ல இருந்த சிவப்பு ஒயின். பாட்டில் அடுப்பாண்ட கீது, பாக்கறீங்களா?" என்றேன். துரை தானே எழுந்து பின்பக்கம் வந்தார். ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து அந்த வெள்ளை எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தப் பாவி, "துரை, இவதான் கொண்டாந்தா, அன்னிக்குத் திருடிக்கினு போனத்த இன்னிக்கு எம்மேல போடறதுக்குக் கொண்டாந்துக்கீறா" என்று கத்தினான். உண்மையைச் சொல்கிறேன், இப்படி ஒன்று சொல்வான் என்று நான் யோசிக்கவே இல்லை. துரை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை பழைய பார்வையாக இருந்தது. மறுபடியும் திருடிப் பட்டம்தான், இந்தத் தடவை கையில் விலங்கே மாட்டப் போகிறார்கள், செல்வம் இனிமேல் இந்த ஊர்ப்பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தேன். நூர் முஹம்மது பாய் கரண்டியைத் தேக்சா மேல் வைத்துவிட்டு வந்தார். "சாப், நான் அல்லாவுக்குப் பயந்தவன். இந்தம்மா வரும்போது வெறுங்கையா வந்துச்சு. இந்த பாட்டிலைப் போன வாரமே பட்லர் எங்கிட்ட காட்டி, கறியில ஊத்துன்னாரு, நான் மாட்டேன்னேன். வேணும்னா அந்த ரூம்ல வைக்கோலைத் தள்ளிப் பாருங்க, இன்னும் இருக்கும்" என்றார். துரை உள்ளே போனார். ஒற்றை பாட்டிலோடு வெளியே வந்தார். லூர்துசாமி முகம் வெந்த கத்தரிக்காய் மாதிரி சுருங்கிவிட்டது. துரை தமிழில் இரண்டே வார்த்தை, "சாவி கொடு" என்றார். மாப்பிள்ளையின் அப்பன், புது வேட்டி, கழுத்தில் மாலை, இத்தனை ஜனம் பார்க்க இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை அவிழ்க்கிறான், முடிச்சு அவிழமாட்டேன் என்கிறது. போர்மேன் எழுந்து, "கழுத்துல தாலி ஏறிப்போச்சு, இல்லாங்காட்டி பொண்ண இப்பவே கூட்டிக்கினு போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவாமலேயே போனார், அவர் ஆட்களும் போனார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, ஒரு தட்டு எடுத்து அந்தக் கறியைப் போட்டுக்கொண்டு பாயின் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். நல்ல ருசி.

கதை அதோடு முடியவில்லை. துரை போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் லூர்துசாமி பெண்சாதியோடு நம் வாசலுக்கு வந்து விழுந்தான். துரைசாணி உன் பேச்சைக் கேட்பாள், ஒரு வார்த்தை சொல்லு அக்கா, வயசான காலத்தில் ஜெயிலுக்குப் போக முடியாது என்று அவன் பெண்சாதி என் காலைப் பிடித்தாள். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை, வந்ததாகப் பொய் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று நடந்ததைச் சொல்லு, அப்புறம் அடையாற்றுக்குப் போகிறேன் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை நின்றான். ஜனம் வெளியே வருகிற படிக்கட்டில், தலையில் துண்டு இல்லாமல் நின்று, "அந்தோணியம்மா திருடல, நான்தான் எடுத்தேன்" என்று வாய்க்குள் முணுமுணுத்தான். "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல, உரக்கச் சொல்லு" என்றேன். சொன்னான். "எம் பொண்ணு பேரச் சொல்லு" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மரியசெல்வத்து மேல ஒரு குத்தமும் இல்ல" என்றான். அதையும் உரக்கச் சொல்லச் சொன்னேன். எந்தக் கோயிலில் உன் பேர் வாசிக்காமல் விட்டார்களோ அந்தக் கோயில் வாசலில் உன் பேர் கேட்டது மகளே. தட்டை எண்ணிப் பார்த்த பெண்டுகள் அத்தனை பேரும் நின்று கேட்டார்கள். கொடுத்த வாக்குப்படி அடையாற்றுக்குப் போய்ச் சொன்னேன், துரையும் போலீசை விட்டுவிட்டார். ஆனால் லூர்துசாமிக்கு வேலை போனது போனதுதான்.

நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும், பாவம் அம்மா, அவர்களும் கஷ்டப்படுகிறார்களே என்று எழுதுவாய். அதை எனக்கு எழுதாதே. சாமியாரிடம் வேண்டுமானால் நானே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், தவக்காலம் வரத்தான் போகிறது. நேற்று துரைசாணி மோட்டாரில் நம் சந்துக்கே வந்தாள், பழைய வேலைக்கு வா என்றாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவளுக்கு உட்கார முக்காலி போட்டேன், ஆப்பம் கொடுத்தேன், ஈஸ்டருக்குப் பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் என்னைத் துரத்தினவர் அவள் புருஷன்தானே, ஈஸ்டர் வரைக்கும் எனக்குப் பதிலாக வைத்த அந்தப் புதுச் சமையல்காரன் கையால் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு சங்கதி, அதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். முந்தாநாள் இஞ்ஞாசி வந்தான். புது மாப்பிள்ளை, கன்னம் ஒட்டிப்போய் நிற்கிறான். பெண் பெரம்பூருக்கே போய்விட்டாள், மாமனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "செல்வத்தோட அட்ரஸ் குடுங்கம்மா, ஒரு மன்னிப்பு எழுதணும்" என்றான். உங்கள் அப்பன் பாட்டிலை வீட்டில் வைத்திருந்தது உனக்கு அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். தரையைப் பார்த்தான். தெரியும் மகளே. தெரிந்தே உன்னைத் திருடி மகள் என்று சொல்லவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தான். அவன் கொடுத்த ஜெபமாலை இன்னும் உன்னிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதை நாளைக்கே அங்கே யாராவது ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடு. அட்ரஸ் நான் கொடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில், எம் பொண்ணுக்கு மிலிட்டரி டாக்டரோடு நிச்சயம் ஆகிவிட்டது, ஈஸ்டர் கழிந்ததும் கலியாணம் என்று சொல்லிவிட்டேன். பேர் கேட்டான். வாயில் வந்ததை, டாக்டர் கனகராஜ், லெப்டினன்ட் என்றேன். அவன் திரும்பிப் போகிறபோது வாசற்படி தடுக்கியது, எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மாதாவும் சூசையப்பரும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கை பட்ட நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் போடாமல் வார்டுக்குப் போகாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சாந்தோமிலிருந்து யார் உனக்கு எழுதிக் கேட்டாலும் ஆமாம் என்று எழுது. டாக்டர் நல்ல உயரம், கண்ணாடி போட்டிருப்பார், தாய்க்கு ஒரே பிள்ளை, இவ்வளவுதான் இதுவரைக்கும் நான் சொல்லியிருக்கிறேன், மாமன் குப்பத்தில் கூடக்கொஞ்சம் சொல்லியிருக்கலாம், விசாரித்து எழுதுகிறேன். அங்கே உண்மையாகவே அப்படி ஒருவர் இருந்தால் வெட்கப்படாமல் பேரை மட்டும் எனக்கு எழுது, நான் மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
அந்தோணியம்மாள்